வியட்நாமில் மனசில் நிற்கும் காபிக் கடையைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹனோயிலும் சைகோனிலும் காபிக் கடைக்குப் பஞ்சமே கிடையாது. ஒரே தெருவில் இருபது கடை வரிசையாக இருக்கும், தேடுகிறவருக்குத் தலை சுற்றுவதும் அதனால்தான். புதிதாகப் போகிறவர்கள் கைப்பேசியில் நட்சத்திரம் அதிகம் வாங்கிய நாலைந்து கடைகளைக் குறித்துக்கொள்கிறார்கள். அவை நகரத்தின் நாலு மூலையில் கிடக்கும். வண்டியிலேயே அரை நாள் போய்விடும். கடைசியில் மதியம் ஒரு மணி வெயிலில் ஏதோ ஏசி அறையில் உட்கார்ந்து, அண்ணா நகரிலேயே கிடைக்கும் கப்புச்சினோவைக் குடித்துவிட்டு வருவார்கள்.

கடையிலிருந்து தேடலைத் தொடங்குவதால் வரும் வினை இது. முதலில் பானம், அடுத்து நேரம், அதற்கப்புறம் தெரு, கடைசியாகக் கடை. கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஹோ சி மின் நகரத்தை அங்கே இருப்பவர்கள் பேச்சில் இன்னமும் சைகோன் என்றே சொல்கிறார்கள், இங்கும் அப்படியே எழுதியிருக்கிறது.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

டேட்டா உள்ள சிம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கிவைத்த நகர வரைபடம், அதேபோல் இறக்கிவைத்த வியட்நாமிய மொழிபெயர்ப்பு. மூன்றும் வேண்டும். நல்ல பழைய கடைகள் பல சந்துக்குள், கட்டடத்தின் பின்கட்டில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும். அங்கே சிக்னல் சொதப்பும். சுவரில் கையால் எழுதிய விலைப்பட்டியலை கேமரா மொழிபெயர்ப்பில் படிக்கவும் இது உதவும்.

சில்லறைப் பணம். விமான நிலையத்து ஏடிஎம் பெரும்பாலும் 5,00,000 டாங் நோட்டாகவே தரும். 25,000 டாங் காபிக்கு அதை நீட்டினால் காலை ஏழு மணிக்குக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். முதல் நாளே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கி 10,000, 20,000, 50,000 நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். அவசரத்தில் மாறினால் 25 மடங்கு போய்விடும். பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள்.

ரூபாய்க் கணக்குக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. 30,000 டாங் ஏறக்குறைய நூறு ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைப் பார்த்து ஜிபே நினைப்பு வரும். அவை உள்ளூர் வங்கிக் கணக்குகளுக்கானவை. அதை நம்பிப் பணமில்லாமல் போகாதீர்கள்.

ஒரு நகரத்துக்குக் குறைந்தது இரண்டு காலைப்பொழுதுகள் ஒதுக்க வேண்டும். ஏன் இரண்டு என்பது கடைசிப் படியில் வருகிறது.

2. பானத்தின் பெயரைப் பழகுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வியட்நாமில் ஒரு பழைய கடை பெரும்பாலும் ஒரே ஒரு பானத்துக்குப் பேர்போனது. முட்டைக் காபிக் கடையில் கப்புச்சினோ கேட்டுவிட்டு ‘சுமார்தான்’ என்று சொல்வது, புரோட்டாக் கடையில் தோசை கேட்பது மாதிரி.

பழைய கடைகளில் பெரும்பாலும் ரொபஸ்டா என்ற வகைக் காபிக் கொட்டை, கறுக்க வறுத்தது. வடிப்பது ‘ஃபின்’ என்ற சின்ன உலோக வடிகட்டியில். நம் பில்டரின் தம்பி என்று சொல்லலாம். டம்ளர் தலையிலேயே உட்கார்ந்து, ஒரு ஆளுக்கு மட்டும், நாலைந்து நிமிடத்தில் டிகாக்ஷன் இறக்கிவிடும். பாலுக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க். சிக்கரி போட்ட காபி குடித்துப் பழகிய நாக்குக்கு இந்தக் கசப்பு அந்நியமாக இருக்காது, இனிப்புத்தான் திடுக்கிட வைக்கும்.

‘கா ஃபே’ என்றால் காபி. ‘டென்’ கறுப்பு, ‘நௌ’ பழுப்பு, ‘ஸுவா’ பால், ‘டா’ ஐஸ், ‘நோங்’ சூடு. இந்த ஆறு சொல்லை வைத்தே பாதி ஊரில் காபி வாங்கிவிடலாம். கா ஃபே டென் டா என்றால் ஐஸ் போட்ட கறுப்புக் காபி. பால் போட்ட காபி ஹனோயில் ‘நௌ’, சைகோனில் ‘ஸுவா’. ஹனோயில் ஸுவா என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். சைகோனில் நௌ என்றால் ஒரு கணம் முழிப்பார்கள். சூடாக வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சைகோனில் சொல்லாமல் விட்டால் ஐஸ்தான் வரும்.

‘பாக் ஸியு’ என்பது சைகோன் பக்கத்துச் சரக்கு: பால் தூக்கலாக, காபி ஒரு சொட்டு. முதல் நாள் வயிற்றைப் பழக்க நல்லது, குழந்தைகளும் ஆசையாகக் கேட்பார்கள். கொஞ்சம்தான் கொடுங்கள், உள்ளே இருப்பது கஃபீன் தூக்கலான ரொபஸ்டா.

‘கா ஃபே சுங்’ முட்டைக் காபி. மஞ்சள் கருவைக் கண்டென்ஸ்டு மில்க்குடன் நுரைக்க அடித்துச் சூடான காபி மேல் போடுவது. 1946இல் பால் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஹனோய் மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த நுயென் வான் கியாங் உருவாக்கியது. ‘கா ஃபே முயி’ உப்புக் காபி, 2010இல் ஹுவே நகரத்தில் பிறந்தது. லேசாக உப்பிட்ட கிரீம் மேலே மிதக்கும். இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது என்றாலும் ஹுவே வழியாகப் போகிறவர்கள் அங்கே குடிப்பதற்காகக் காத்திருக்கலாம். தயிர்க் காபி, தேங்காய்ப்பால் காபி என்றும் உண்டு. தயிரில் காபியா என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது: சுங் என்ற சொல் பெயரில் இருந்தால் முட்டை இருக்கிறது. அந்தக் கடைகளில் முட்டைக் கோகோ, முட்டை பீர் என்றெல்லாம் பட்டியல் நீளும், ஆனால் சாதாரண நௌவும் எப்போதும் இருக்கும். மஞ்சள் கருவை முழுதாக வேக வைப்பதில்லை. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது.

சர்க்கரைக்கு இரண்டு சொற்றொடர். ‘இட் டுவாங்’ சர்க்கரை குறைவாக, ‘கோங் டுவாங்’ சர்க்கரையே வேண்டாம். கறுப்புக் காபி கேட்டால் சர்க்கரை இருக்காது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. பல கடைகளில் டென் என்றாலே இரண்டு கரண்டி கலந்துதான் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோங் டுவாங் என்பதை எழுத்திலும் காட்டுவது பாதுகாப்பு. ஏனென்றால் அந்த மொழியில் ராகம் தப்பினால் சொல்லே மாறிவிடும்.

3. நேரத்தைப் பிடியுங்கள்

காலை ஆறரை முதல் எட்டரை வரை. ஒரு கடை யாருக்காக நடக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்: வேலைக்குப் போகும் முன் பத்து நிமிடம் உட்காருகிறவர்கள், பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரே டம்ளரோடு இருக்கும் பெரியவர்கள், சதுரங்கம் ஆடும் கூட்டம். பத்து மணிக்குமேல் அதே நாற்காலிகளில் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

பதினொன்றரை முதல் ஒன்றரை வரை போகாதீர்கள். மதிய உறக்கம் அங்கே மதிப்பான பழக்கம். சின்னக் கடைகளில் முதலாளியே சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருப்பார். மூன்று மணிக்குப் பிறகு இரண்டாவது சுற்று தொடங்கும்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். ஹனோயில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல குளிர், முட்டைக் காபிக்கு அதுவே காலம். ஜூன் மாதத்து வேர்வையில் அதைக் குடித்தால் திகட்டும். சைகோனில் மே முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழை கொட்டும், பால்கனி உள்ள கடைகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டெட் எனும் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20க்கும் இடையே வரும். குடும்பம் நடத்தும் கடைகள் அப்போது ஒரு வாரமோ அதற்கு மேலோ பூட்டிக் கிடக்கும். வரைபடம் ‘திறந்திருக்கிறது’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

4. கடைக்கு முன்னால் தெருவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு காலைக்கு ஒரு தெரு, அதைச் சுற்றி நடந்து ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் வட்டம். ஒரு கடை பூட்டியிருந்தாலோ பிடிக்காவிட்டாலோ அடுத்தது பக்கத்தில் இருக்கும், அந்தக் காலை வீணாகாது.

ஹனோயில் முதல் காலைக்கு நுயென் ஹூ ஹுவான் தெரு. 39ஆம் எண்ணில் கியாங் காபிக் கடை, ஹனோய்க்காரர் வாயில் அது ‘ஸாங்’. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு குறுகலான நடை மட்டும்தான் தெரியும். பலரும் அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். அதே தெருவில் 60ஆம் எண்ணில் லாம் காபிக் கடை, சுவரெல்லாம் பழைய ஓவியங்கள். லாமில் கறுப்புக் காபியில் தொடங்கி, அப்புறம் ஸாங்கில் முட்டைக் காபி என்று போங்கள். முட்டைக் காபியை முதலில் குடித்துவிட்டால் அந்த இனிப்பு நாக்கில் உட்கார்ந்துகொண்டு அடுத்த காபியைச் சுவைக்க விடாது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹோவன் கியெம் ஏரிக்கரை. டின் டியென் ஹோவாங் தெரு 13இல் டின் காபிக் கடை, அதே கியாங் குடும்பத்து மகள் நடத்த வந்தது. இதுவும் வெளியே தெரியாது. கீழ்க்கடையை ஒட்டிய இருட்டு நடையில் நுழைந்து மாடி ஏற வேண்டும். மேலே ஏரியைப் பார்த்த சின்ன பால்கனி, அதில் நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பால்கனிக்காகப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும்.

கூடுதலாக இன்னொரு காலை கிடைத்தால் சியூ வியட் வுவாங் தெரு. ஹனோய்க்காரர்களே காபித் தெரு என்று சொல்லும் இடம், பழைய நகர்ப்பகுதிக்குத் தெற்கே. இங்கே தனிப்பட்ட ஒரு கடையைக் குறித்துக்கொள்ள வேண்டாம். 7ஆம் படியில் சொல்லும் அடையாளங்களை வைத்து நீங்களே கண்டுபிடிப்பதற்கு ஏற்ற தெரு அது.

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய கடைத்தெருவின் படங்களைப் பார்த்துவிட்டு அதற்காகவே ஹனோய் போகிறவர்கள் உண்டு. பாதுகாப்புக் காரணத்துக்காக அதிகாரிகள் அதை அவ்வப்போது மூடியிருக்கிறார்கள். காபியும் சுமார். பட்டியலில் கடைசியாக வையுங்கள்.

சைகோனில் துணி வடிகட்டிக் காபியைத் தேடுங்கள். ஃபின் இல்லாத பழைய பாணி இது. நம் டீக்கடை வடிகட்டித் துணி போலவே நீளமான துணிப் பை, மண் கெண்டி, அடியில் தணல். 1938 முதல் நடக்கும் செயோ லெயோ கடை நுயென் தியன் துவாட் தெருவின் சந்து ஒன்றுக்குள் இருக்கிறது. ஃபன் டின் ஃபுங் தெருவில் இன்னொன்று, இரவு விழிப்பவர்களின் கடையாகப் பெயர் வாங்கியது. இரண்டிலும் ஃபின் காபி கேட்காதீர்கள்.

நகர மையத்தில் நுயென் ஹுவே நடைபாதைத் தெரு, எண் 42. பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க இப்போது சின்னச் சின்னக் காபிக் கடைகள். லிஃப்டுக்குச் சில்லறை கேட்பார்கள். வாங்கிய காபி பில்லில் அதைக் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. மேல்மாடி வரை லிஃப்டில் போய், படி வழியாக ஒவ்வொரு தளமாக இறங்கிப் பாருங்கள். கீழிருந்து ஏறினால் மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கி, முன்னால் வந்த கடையில் உட்கார்ந்துவிடுவீர்கள். காபியைவிட மாடத்திலிருந்து தெரியும் தெருவுக்காகத்தான் இந்த இடம். ட்ரூவாங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குக் காலையில் போகிற தமிழர்கள் அங்கிருந்து நடந்தே இங்கே வந்துவிடலாம்.

5. வரைபடத்தில் தேடும் முறை

ஆங்கிலத்தில் ‘சிறந்த காபி’ என்று தேடினால் ஆங்கிலத்தில் மதிப்புரை வாங்கிய கடைகள்தான் மேலே வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் காபிக் கடை என்று கொடுத்து, வரும் வியட்நாமியச் சொல்லை நகலெடுத்து வரைபடத்தில் ஒட்டுங்கள். அதே தெருவில் வேறொரு பட்டியல் வரும்.

நட்சத்திரத்தைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடலாம். 4.9 வாங்கிய கடையைவிட 4.2 வாங்கிய பழைய கடை பல நேரம் நல்ல காபி தரும். ஏனென்றால் பழைய கடைக்கு விழும் குறைகளெல்லாம் ‘ஏசி இல்லை’, ‘நாற்காலி சின்னது’, ‘ஆங்கிலம் பேசவில்லை’, ‘சிகரெட் புகை’ என்கிற வகை. குறைந்த மதிப்பெண் தந்த ஐந்தாறு மதிப்புரைகளைப் படியுங்கள். குறை காபியைப் பற்றியதா, வசதியைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். சிகரெட் புகை உண்மையான பிரச்சினை. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஒரு குறையை மட்டும் தீவிரமாக எடுத்துக்கொண்டு, வாசலில் உட்கார இடம் உள்ள கடைகளைப் பாருங்கள்.

அப்புறம் படங்கள். கடைக்காரர் போட்டவற்றை விட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் போட்டதை, அதிலும் கடைசி மூன்று மாதத்தியவற்றை மட்டும் பாருங்கள். டம்ளரை மட்டுமே படம் பிடித்திருக்கிறார்களா, பின்னணியில் மனிதர்கள் தெரிகிறார்களா? தெரிகிறவர்கள் எந்த வயது? எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் நின்று ஒரே தோரணை என்றால் அது படம் எடுக்கும் கடை. அதற்கும் ஆசை இருந்தால் போகலாம், தெரிந்தே போங்கள்.

பிரபலமான பெயர்களுக்குக் கிளைகளும் போலிகளும் உண்டு. பெயரைப் பார்த்து வண்டி பிடிக்காமல் தெரு எண்ணை ஒப்பிடுங்கள்.

ஒரு காலைக்கு இரண்டு கடை குறித்தால் போதும். மூன்றாவதைத் தெருவே காட்டட்டும்.

6. முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான். செயோ லெயோவின் முகவரி 109/36 நுயென் தியன் துவாட். இதை 109 முதல் 36 என்றோ, 109ஆம் எண் வீட்டில் 36ஆம் அறை என்றோ படிக்கிறார்கள். சரியான பொருள்: பெரிய தெருவில் 109ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சந்து பிரிகிறது, அந்தச் சந்துக்குள் 36ஆம் எண் வீடு. சாய்கோடு இரண்டு இருந்தால் சந்துக்குள் ஒரு சந்து.

சைகோனில் சந்துக்கு ‘ஹெம்’, ஹனோயில் ‘ஙோ’. உலகத்தில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாத அந்த ஙகரத்தை நாம் அரிச்சுவடியிலேயே படித்துவிட்டோம், ஙப்போல் வளை வரைக்கும். சொல்லிக் கேட்டால் வழி கிடைக்கும்.

வண்டி பிடிக்கும்போது கடையின் மேல் புள்ளி வைக்காமல் சந்து முனையில் வையுங்கள். கார் உள்ளே வராது. கடையில் புள்ளி வைத்தால் சில நேரம் கட்டடத்தின் பின்பக்கத்துத் தெருவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொரு குழப்பம். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாவட்டம் என்ற நிர்வாக அடுக்கே எடுக்கப்பட்டுவிட்டது, வார்டுப் பெயர்களும் நிறைய மாறின. பழைய குறிப்புகளில் ‘மூன்றாம் மாவட்டம்’ என்று இருக்கும், புதிய வரைபடத்தில் வேறு வார்டுப் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே இடமாக இருக்கலாம். தெருப் பெயரும் எண்ணும்தான் நம்பகமானவை. ஆனால் ஒரே தெருப் பெயர் பல பகுதிகளில் உண்டு என்பதால், வரைபடத்தில் நகரத்தின் எந்தப் பக்கம் காட்டுகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

7. தெருவில் நடக்கும்போது எங்கே நிற்பது

வாசலில் இருசக்கர வண்டிகள் நெருக்கமாக நின்று, நாற்காலிகளெல்லாம் தெருவைப் பார்த்துப் போட்டிருந்தால் நின்று பாருங்கள். தெருவை வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் கடை அது, வாடிக்கைக்காரர்கள் தினமும் வருகிறவர்கள். காய வைத்த ஃபின்கள் அடுக்காகத் தெரிந்தால் இன்னும் நல்லது. காலையில் கணிசமாக விற்கிறார்கள் என்று பொருள். அரைக்கும் சத்தமும் வறுத்த வாசனையும் வந்தால் பொடி புதிது.

வாசனையைக் கொஞ்சம் நிதானித்து முகருங்கள். பழைய முறையில் வறுக்கும்போது வெண்ணெய், சர்க்கரை சேர்ப்பது வழக்கம், அந்த கேரமல் வாடை இயல்பானது. ஆனால் மலிவான பொடியில் சோளமும் சோயாவும் வறுத்துக் கலப்பதும் உண்டு. அப்படிப்பட்ட காபி தார் போலக் கெட்டியாக இருக்கும், நுரை தளும்பும், ஐஸ் கரைந்தாலும் நிறம் இளகாது, காபி மணம் மட்டும் இருக்காது. இதற்குப் பயந்துதான் பல கடைகள் ‘கலப்பில்லாத காபி’ என்று பலகை வைக்கின்றன. பலகையைவிடக் கண் முன்னால் அரைப்பதே உறுதி.

தாண்டிப் போக வேண்டியவை: ஐந்து மொழியில் படத்தோடு விலைப்பட்டியல், வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும் ஆள், காலை எட்டு மணிக்கே காலியான மேசைகள். இந்த அடையாளங்கள் முழுக்கச் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. ஸாங்கில் பாதிக் கூட்டம் வெளிநாட்டவர்தான், இருந்தாலும் முட்டைக் காபி அங்கே நன்றாகவே இருக்கும். கூட்டத்தைப் பார்த்துத் தள்ளுவதும் ஒருவகை மேட்டிமைதான்.

8. உட்கார்வதும் கூப்பிடுவதும்

முக்காலிகள் முழங்கால் உயரம்கூட இருக்காது. மூட்டு வலிக்காரர்கள் இரண்டு முக்காலியை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். எதிரில் ஆள் இருக்கும் மேசையில் காலியிடம் இருந்தால் தலையசைத்துவிட்டு உட்காருங்கள், அது சாதாரணம்.

சில கடைகளில் உள்ளே நுழைந்ததும் கல்லாவில் சொல்லிவிட்டுப் போய் உட்கார வேண்டும், சிலவற்றில் ஆள் வருவார். முன்னால் போகிறவர் என்ன செய்கிறார் என்று அரை நிமிடம் பாருங்கள்.

கூப்பிடும் முறையில் தமிழருக்கு ஒரு வசதி. வியட்நாமியர்களும் முன்பின் தெரியாதவரை உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணனுக்கு ‘ஆன்’, அக்காவுக்கு ‘சீ’, தம்பி தங்கைக்கு ‘எம்’, சித்தப்பா வயதுக்காரருக்கு ‘சூ’, பாட்டிக்கு ‘பா’. கூடவே ‘ஒய்’ சேர்த்தால் நம் ‘அக்கா!’, ‘தம்பீ!’ தயார்: சீ ஒய், எம் ஒய். ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தால் இரைச்சலில் யார் காதிலும் விழாது. வயது சரியாகப் பிடிபடாவிட்டால் கூட்டிச் சொல்லாதீர்கள். நாற்பது வயதுப் பெண்ணை ‘பா’ என்றால் நம் ஊரில் என்ன நடக்குமோ அதுதான் அங்கும்.

சைகோனில் காபியோடு, சில நேரம் அதற்கு முன்பே, வெளிர்நிற ஐஸ் தேநீர் ஒரு டம்ளர் வரும். இலவசம். தீரத்தீர ஊற்றுவார்கள். நீங்கள் இன்னும் உட்காரலாம் என்பதற்கான அறிகுறி அது.

9. குடிக்கும் முறை

ஃபின் டம்ளர் மேல் வந்தால் தொடாமல் விடுங்கள். சீக்கிரம் இறங்கட்டும் என்று உள்ளே இருக்கும் அழுத்தித் தட்டைக் கரண்டியால் குத்துவது புதியவர்களின் முதல் தவறு. பொடி இறுகி ஓட்டை அடைத்துக்கொள்ளும், சொட்டுவதே நின்றுவிடும். நாலைந்து நிமிடம் சரியான கணக்கு. ஒரு நிமிடத்திலேயே தடதடவென்று இறங்கிவிட்டால் பொடி போதவில்லை, காபி நீர்த்திருக்கும். எட்டு நிமிடமாகியும் பாதி நிற்கிறதென்றால் கடைக்காரரைக் கூப்பிடுங்கள், ஒரு தட்டு தட்டிச் சரிசெய்வார்.

சொட்டு நின்றதும் மூடியை எடுத்து மேசையில் தலைகீழாக வைத்து, அதன்மேல் ஃபினை இறக்கி வையுங்கள். மூடி அதற்காகவே அந்த வடிவத்தில் இருக்கிறது. நேராக மேசையில் வைத்தால் கறுப்புத் தண்ணீர் ஓடும். ஃபினின் உடல் சுடும், அதன் காதைப் பிடித்துத் தூக்குங்கள்.

கண்டென்ஸ்டு மில்க் அடியில் தங்கியிருக்கும். காபி சூடாக இருக்கும்போதே அடியிலிருந்து மேலாகப் பத்துப் பதினைந்து முறை கலக்கிவிட்டு, அப்புறம் ஐஸ் டம்ளரில் ஊற்றுங்கள். ஐஸை முதலில் போட்டால் பால் அடியில் இறுகி, கடைசி வாய் வெறும் சர்க்கரைப் பாகாக வரும்.

முட்டைக் காபி வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்த கோப்பையில் வரும். அந்த வெந்நீர் சூடு ஆறாமல் இருக்க வைத்தது, குடிக்கவோ கை கழுவவோ அல்ல. முதலில் நுரையை இரண்டு கரண்டி தனியாகச் சாப்பிடுங்கள், பிறகு கரண்டியை அடிவரை விட்டுக் காபியோடு சேர்த்து எடுங்கள். படம் எடுக்கப் பத்து நிமிடம் செலவழித்தால் ஆறிவிடும், ஆறியதும் முட்டை வாடை எழும்பும்.

10. உடம்பும் கணக்கும்

ரொபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அளவில் சின்ன டம்ளராக இருப்பதால் ஏமாந்து காலையிலேயே நாலு அடித்துவிட்டு, மதியம் கை நடுங்குகிறது என்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும், இரவுத் தூக்கம் கெடுகிறவர்களுக்கு மாலை மூன்று மணிக்குமேல் வேண்டாம். வெறும் வயிற்றில் கறுப்புக் காபி கூடாது. தெரு முனையில் ஒட்டரிசி விற்பார்கள். சைவக்காரர்கள் மேலே தூவும் வறுத்த இறைச்சித் தூளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

தெருவோரக் கறுப்புக் காபி 15,000 முதல் 25,000 டாங், பெயர்பெற்ற பழைய கடைகளில் 25,000 முதல் 45,000, டா லாட் மலைப்பக்கத்து அராபிகாவை எடைபோட்டு வடித்துத் தரும் புதிய பாணிக் கடைகளில் 60,000க்கு மேல் என்பது தோராயம். பயணத்தில் ஒருமுறை அந்தக் கடைசி வகைக்கும் போங்கள், இல்லையென்றால் வியட்நாம் காபி என்றாலே பால் பாகு என்ற எண்ணம் தங்கிவிடும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. பணம் பெரும்பாலும் எழும்போதுதான்.

11. மறுநாள் அதே கடைக்குப் போங்கள்

முதல் காலையில் பார்த்த இரண்டு மூன்று கடைகளில் ஒன்றைத் தேர்ந்து, இரண்டாம் காலை அதே நேரத்துக்கு, முடிந்தால் அதே இடத்தில் உட்காருங்கள். புதிய கடையை விட்டுவிட்டு இதைச் செய்ய மனசு வராது. முதல் முறை உங்கள் கவனமெல்லாம் வழியிலும் சொல்லிலும் சில்லறையிலும் போயிருக்கும். இரண்டாம் முறைதான் காபியும் கடையும் தெரியும். கடைக்காரரும் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, நேற்றுக் கேட்ட இட் டுவாங்கைக் கேட்காமலே செய்து கொடுப்பார்.

அன்றுதான் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, ‘லீவு நாளில் நீங்கள் எங்கே காபி குடிப்பீர்கள்?’ என்பதை மொழிபெயர்ப்பில் எழுதிக் காட்டுங்கள். சிரித்துவிட்டு ஒரு சந்துப் பெயரைச் சொல்வார்கள். தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், காதால் கேட்டு வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, அவர்கள் போடும் பொடி. பழைய கடைகளில் கால் கிலோ, அரைக் கிலோவாக விற்பார்கள். வீட்டில் காபி பில்டர்தான் இருக்கிறதென்றால் கொட்டையாகவே வாங்கி ஊரில் அரைத்துக்கொள்ளுங்கள். ஃபினுக்கு அரைத்த பொடி நம் பில்டர் பொடியைவிடக் கொஞ்சம் கரகரப்பு, நம் பில்டரில் போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். ஃபினும் ஒன்று வாங்குவதாக இருந்தால் கடையில் பார்த்த அதே அளவு கேளுங்கள். சந்தையில் தொங்கும் பெரிய ஃபின் நாலு பேருக்கானது, அதில் ஒரு ஆளுக்கு வடித்தால் பொடி மெல்லிய படலமாகப் பரவிக் காபி சப்பென்று இறங்கும்.